மாடி அறையின் நீலத் துணி

ஜெயஸ்ரீக்குத் தன் தங்கை ஷர்மிளாவின் மேல் பொறாமை வந்தது நாற்பதை நெருங்கும்போதுதான். அதற்கு முன்னால் அதற்கு அவசியமே இருக்கவில்லை. படிப்பில், அழகில், கல்யாணத்தில் என்று எல்லாவற்றிலும் அவள்தான் முந்தி நின்றாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு. கிண்டியில் நல்ல வேலையில் இருக்கும் கணவன் ஹேமநாத். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என்ஜினியரிங் படிக்கும் மகன். ஷர்மிளா படப்பையில் வாடகை வீட்டில் இருந்தாள். அவள் கணவன் மதியழகனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. குழந்தை இல்லை. தங்கையைப் பற்றி யாரிடமாவது பேசும்போது "பாவம் அவ" என்று ஆரம்பிப்பது ஜெயஸ்ரீயின் வழக்கம்.

வேளச்சேரியில் ஒரு கேம் பார்லரை மூடியபோது ஹேமநாத் அங்கிருந்த, குச்சியால் பந்தை அடித்துப் பொந்தில் தள்ளி ஆடும் பூல் டேபிள் ஒன்றை வாங்கி வந்தான். ஜெயஸ்ரீ ஹாலுக்குப் புது சோபா கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மேஜையின் மேல் பதித்த கல் மூன்று துண்டாகக் கழற்றப்பட்டு, மாடி ஜன்னலின் கம்பியை எடுத்துவிட்டுக் கயிறு கட்டி ஏற்றப்பட்டது. கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறை அதற்கென்று ஆனது.

அந்த மேஜையை ஹேமநாத் பார்த்துக்கொண்ட விதம் ஜெயஸ்ரீக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் மாடிக்குப் போய், மேலே போர்த்திய ரெக்ஸின் உறையை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் கல்லின் மேல் இழுத்து ஒட்டியிருந்த துணியை ஒரே பக்கமாகத் தடவிவிடுவான். டம்ளரை அதன் ஓரத்தில்கூட வைக்கக் கூடாது. யாரும் அதன்மேல் உட்காரக் கூடாது. குச்சியின் நுனிக்குப் பூசும் நீலச் சாக்கைத் துணியின் மேல் உதறக் கூடாது. அந்த வருடக் கடைசியில் பெரிய மழை பெய்து அறை ஒழுகியபோது, அவர்கள் படுக்கையில் விரித்திருந்த போர்வையை உருவிக்கொண்டு மேஜையை மூட ஓடினான். மொட்டைமாடியில் அவள் துணிகள் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அவளுக்கு வேடிக்கையாக இல்லை.

ஆனாலும் மேஜை மேஜைதான். அதோடு எவ்வளவு சண்டை போட முடியும்?

ஷர்மிளா விளையாட ஆரம்பித்தது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியழகனுக்கு ஷிஃப்ட் இருந்ததால் அவள் மட்டும் வந்திருந்தாள். ஹேமநாத் சும்மா ஒரு குச்சியைக் கையில் கொடுத்தான். குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அவள் அடித்த மூன்றாவது பந்து மூலைப் பொந்தில் விழுந்தது.

"இது எப்படி அடிச்ச?" என்றான் ஹேமநாத்.

"தெரியல மாமா. அங்கதான் போகும்னு தோணுச்சு."

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். படப்பையிலிருந்து பஸ் பிடித்து மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, ரயில்வே மேம்பாலத்தின் படியேறி இந்தப் பக்கம் வந்து, இன்னொரு பஸ் பிடித்து வருவாள். வந்ததும் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். அப்புறம் மேலே போய்விடுவாள்.

ஜெயஸ்ரீ சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பந்தோடு பந்து மோதும் சத்தம், பிறகு கொஞ்சம் அமைதி, பிறகு பொந்துக்குள் விழும் சத்தம். அதற்குப் பின்னால் ஹேமநாத்தின் சிரிப்பு வந்தால் அடித்தது ஷர்மிளா. தன் கணவன் தோற்கும்போது இவ்வளவு சந்தோஷமாகச் சிரிப்பான் என்று அவளுக்கு இத்தனை வருடமும் தெரியாது. சீட்டாட்டத்தில் அவளிடம் ஒருமுறை தோற்றுவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் மேலே போவாள். கதவருகே நிற்பாள். உள்ளே அவர்கள் பேசிக்கொள்வதில் பாதி அவளுக்குப் புரியாது. எந்தக் கோணம், எவ்வளவு வேகம், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்பதாக இருக்கும். தப்பாக ஒரு சொல் இருக்காது, ஒரு பார்வை இருக்காது. இருந்திருந்தால் தேவலை என்றுகூட அவளுக்கு ஒருநாள் தோன்றியது. எதையாவது பிடித்துக்கொண்டு கத்தலாம். இப்போது எதைச் சொல்லிக் கத்துவது?

"உனக்கும் கத்துக்கொடுக்கறேன், வாயேன்" என்று ஹேமநாத் ஒருமுறை கூப்பிட்டான்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவன் இரண்டாவது முறை கூப்பிடுவானா என்று படியில் கொஞ்ச நேரம் நின்றாள். மேலே பந்து உருளும் சத்தம் கேட்டது.

அடுத்த கோடை வந்தபோது மேஜைத் துணி நைந்துவிட்டது. வெள்ளைப் பந்தை வைத்து முதல் அடி அடிக்கும் இடத்தில் நூல் தெரிந்தது. மழை ஒழுகிய இடத்தில் ஒரு பழுப்புக் கறை. துணியை மாற்றியாக வேண்டும் என்று ஹேமநாத் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மாலை பெரிய பார்சலோடு வந்து, ஹாலில் உட்கார்ந்து பிரித்துக் காட்டினான். உள்ளே நல்ல நீலத்தில் துணி சுருட்டி இருந்தது.

"பழசு பச்சையாத்தானே இருந்தது?" என்றாள் ஜெயஸ்ரீ.

"ஷர்மிதான் நீலம் நல்லா இருக்கும்னா. கடையில இருந்து போன் பண்ணிக் கேட்டேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஜெயஸ்ரீ அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் சுவருக்கு என்ன பெயிண்ட், ஜன்னலுக்கு என்ன திரை, அவன் சட்டைக்கு என்ன நிறம் என்பதெல்லாம் இதுவரை அவளைக் கேட்டுத்தான் நடந்தது. அது ஒன்றுதான் தன் ராஜ்ஜியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் ஆபீஸ் போன பிறகு பார்சலைப் பிரித்தாள். துணியை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கம்பளி, கொஞ்சம் நைலான் கலந்தது. தொட்ட உடனே தெரிந்துவிட்டது. கல்லூரியில் ஹோம் சயன்ஸ் படித்தவள் அவள். துணிகளைப் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். எந்த நூல் எரிந்தால் என்ன வாசனை வரும், எது வெயிலில் சாயம் போகும், எது வெந்நீரில் சுருங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்டதில்லை.

கீசரைப் போட்டாள். பெரிய பக்கெட்டில் கை பொறுக்காத சூட்டுக்கு வெந்நீர் பிடித்து, சோப்புத்தூளைக் கலந்து, நீலத் துணியை அதற்குள் அமுக்கினாள். கொஞ்சம் ஆறியதும் கையால் கசக்கினாள். பிறகு பச்சைத் தண்ணீரில் முக்கினாள். மறுபடி வெந்நீர். அப்படிச் செய்தால் கம்பளியின் ரோமம் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும், அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மே மாத வெயிலில் மொட்டைமாடியில் காயப்போட்டாள். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். காய்ந்ததை முன்பு இருந்தபடியே சுருட்டி, உறையில் போட்டு, டேப்பை ஒட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சர் குப்பன் வந்தார். மேஜையை வேளச்சேரியிலிருந்து கொண்டுவந்து பூட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவரும் ஹேமநாத்துமாக ரப்பர் வைத்த பக்கக் கட்டைகளைக் கழற்றி, பழைய துணியை உரித்து, கல்லின் மேல் இருந்த பசையையும் தூசியையும் சுரண்டித் துடைத்தார்கள். ஷர்மிளா ஈரத்துணியும் வாளியுமாகக் கூட நின்றாள். ஜெயஸ்ரீ டீ எடுத்துக்கொண்டு வந்தபோது நீலத் துணியை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

குப்பன் இந்தப் பக்கம் இழுத்தார். அந்தப் பக்கம் போய் இழுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இன்னா சார் இது, துணி எட்ட மாட்டேங்குது. ஒரு சாண் கம்மியா கீது."

"நல்லா இழுங்க. அளவு சொல்லித்தானே வாங்கினேன்."

"இழுக்கறதுக்கு இதுல இன்னா சார் கீது. கம்பளி மேரி தடிச்சுப் போய் கீது. தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"தண்ணி எப்படிப் படும்? கடைக்காரன் ஏமாத்திட்டான்." ஹேமநாத் மொபைலை எடுத்தான். "இருங்க, இப்பவே கேக்கறேன்."

"கடையில தப்பு இல்ல" என்றாள் ஜெயஸ்ரீ. "நான்தான் துவைச்சேன். புதுத் துணியாச்சே, கஞ்சி போகட்டும்னு அலசினேன்."

முன்பே தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. தடுமாற்றம் இல்லாமல் வந்தது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவன் கத்தவில்லை. மொபைலை வைத்துவிட்டு, துணியின் ஓரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அருகே வந்தான்.

"சரி விடு. உனக்கு எப்படித் தெரியும்" என்றான். "இது நம்ம காட்டன் மாதிரி இல்ல ஜெயா. ஆட்டு ரோமத்துல பண்றது. சூடு பட்டா சுருங்கிடும். இதெல்லாம் ஒரு விஷயம் இருக்கு. அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய், என்ன?"

சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

"வுடு சார். வூட்ல இருக்கறவங்களுக்கு இன்னா தெரியும்" என்றார் குப்பன்.

ஷர்மிளா வாளியில் கையை நனைத்தபடி குனிந்திருந்தாள். அக்கா பரீட்சைக்கு உரக்கப் படிக்கும்போதெல்லாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டவள் அவள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் இருந்தாள். அந்தப் பெருந்தன்மையையும் இந்தப் பொறுமையையும் ஜெயஸ்ரீயால் தாங்க முடியவில்லை. கெட்டவள் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்கிறானே.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கம்பளின்னு தெரியும். வெந்நீர் பட்டா சுருங்கும்னு தெரியும். மூணு வருஷம் அதைத்தானே படிச்சேன், மறந்துட்டீங்களா? கீசரைப் போட்டு, சோப்புப் போட்டு, கையாலயே கசக்கினேன். சுருங்கணும்னுதான் செஞ்சேன்."

குப்பன் தன் திருப்புளியை மேஜைக்கு அடியில் வைத்தார். "நான் கீழ போய் ஒரு பீடி புடிச்சுட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"ஏன் ஜெயா?" என்றான் ஹேமநாத்.

"என்னை ஏன் கேக்கறீங்க? அவளைக் கேளுங்க. கலர்கூட அவளைத்தானே கேட்டீங்க."

ஷர்மிளா கையைத் துடைத்துக்கொண்டாள். அக்காவைப் பார்க்கவில்லை. "மாமா, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு, ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ஹேமநாத் சாயங்காலம் கார் ஷெட்டில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது நீலத் துணியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. ஜெயஸ்ரீ போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"என்னைப் பத்தி அப்படியா நினைச்ச?" என்று அவனே கேட்டான்.

"அப்படி நினைக்கல. எப்படி நினைக்கறதுன்னும் எனக்குத் தெரியல."

அவன் கொஞ்ச நேரம் சக்கரத்தைத் துடைத்தான். "பொய் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை அவ வருவான்னு நான் எதிர்பார்த்துட்டுதான் இருப்பேன். அவளோட ஆடினா நல்லா இருக்கு. ஆபீஸ் ஞாபகம் வராது. அவ்வளவுதான். அது தப்பான்னு எனக்குத் தெரியல, ஜெயா. தப்புன்னா சொல்லு, நிறுத்திடறேன்."

தப்பு என்று சொல்ல அவளால் முடியவில்லை. தப்பு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஷர்மிளா அதற்குப் பிறகு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மேஜை வெறும் சாம்பல்நிறக் கல்லாக ரெக்ஸின் உறைக்குள் கிடந்தது. அவள் வராவிட்டால் பொறாமை போய்விடும் என்று ஜெயஸ்ரீ நினைத்திருந்தாள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹேமநாத் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்தால், அவன் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் மனம் அலைந்தது. வீட்டில் இருந்த தங்கையைவிட வீட்டில் இல்லாத தங்கை பெரிய தொல்லையாக இருந்தாள்.

கடைசியில் ஒருநாள் அவளே படப்பைக்குப் பஸ் ஏறினாள்.

ஷர்மிளா கதவைத் திறந்ததும் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசு. அவர் தூங்கறாரு. நைட் ஷிஃப்ட்."

அதனால் அக்காளும் தங்கையும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கிசுகிசுப்பாகவே சண்டை போட்டார்கள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ஆமா."

"கேட்டுட்டுப் போ."

"ஷர்மி, நான் உன்னைத் தப்பா எதுவும் நினைக்கல. நீ வந்தா அவர் வேற ஆளா இருக்கார். என்கிட்ட அப்படி இருந்து ரொம்ப நாளாச்சு. அதைத் தாங்க முடியல. அவ்வளவுதான்."

ஷர்மிளா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மாமாவுக்காக வந்தேன்னு நினைச்சியா?" என்றாள். "முதல்ல அந்த விளையாட்டுக்காகத்தான் வந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் விசேஷம் உண்டான்னு கேக்கறாங்க. அந்த ரூம்ல யாரும் கேக்கறதில்ல. பந்து விழுந்துதா இல்லியாங்கறது மட்டும்தான். அப்புறம் உனக்காக வந்தேன்."

"எனக்காகவா?"

"நீ பஜ்ஜித் தட்டோட வந்து கதவுகிட்ட நிப்ப இல்ல, அப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. சின்ன வயசுலருந்து அந்த முகம் என்னோடது அக்கா. உனக்கு ப்ரைஸ் கொடுக்கும்போது, உனக்கு வரன் வரும்போது, உனக்குப் பையன் பொறந்தப்போ, நான் அப்படித்தான் ஓரமா நின்னேன். அதே முகத்தை முதல் தடவையா உன்கிட்ட பாத்தேன். எனக்கு நல்லா இருந்தது. நீ படியேறி வர்ற சத்தம் கேட்டா, ஈஸியா இருக்கறதை விட்டுட்டுக் கஷ்டமான பந்தாப் பாத்து அடிப்பேன்."

ஜெயஸ்ரீக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது ஒரு விதமான ஆறுதல். தனக்கு வந்த அந்தக் கேவலமான வியாதி தங்கைக்கும் இருந்திருக்கிறது. அதுவும் எவ்வளவு காலமாக.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ சொன்னியா? பக்கெட்ல போட்டுக் கசக்கின."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே மதியழகன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஷர்மிளா, கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளியபடி. "இனிமே என்னைப் பாவம்னு யார்கிட்டயும் சொல்லாத. உன் பக்கத்து வீட்டு ரத்தினபாய் என்னைப் பாத்தாலே அந்த மாதிரி தலையை ஆட்டறாங்க."

புதுத் துணி வாங்க இந்த முறை ஹேமநாத் ஜெயஸ்ரீயை அழைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனான். அவள் கடைக்காரர் எடுத்துப் போட்ட துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர நூலை உருவிப் பார்த்தாள். இரண்டு சுருளை வேண்டாம் என்று தள்ளினாள். கடைக்காரருக்கு எரிச்சல் வந்தது. ஹேமநாத் ஓரமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெசவு நெருக்கமாக இருந்த சுருள் பச்சையில்தான் கிடைத்தது. நிறத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து விடுமுறையில் மதியழகனும் ஷர்மிளாவும் வந்தார்கள். குப்பன் கல்லின் இணைப்புகளில் மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் மட்டமாகச் சுரண்டினார். துணியின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், ரோமம் எந்தத் திசையில் படிய வேண்டும் என்று ஜெயஸ்ரீ தடவிப் பார்த்துச் சொன்னாள். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள்.

"ஏய், உன் பக்கமே இழுக்காத. இங்க குறையுது."

"நீ விடாமப் பிடிச்சா ஏன் குறையுது?"

"ரெண்டு பேரும் ஒரே மேரி இழுங்கம்மா" என்றார் குப்பன். "இல்லாங்காட்டி கோணிக்கினு பூடும்."

துணி ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்து, கட்டைகளைப் பூட்டி முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது. சாப்பிட்ட பிறகு முதல் ஆட்டம் ஷர்மிளாவுக்கும் ஹேமநாத்துக்கும். மதியழகன் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டபடி பார்த்தான். புதுத் துணியில் பந்துகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஷர்மிளா அடுத்தடுத்து இரண்டு பந்தைப் போட்டாள். ஹேமநாத் சிரித்தான், அதே பழைய சிரிப்பு.

ஜெயஸ்ரீக்கு நெஞ்சில் அதே இடத்தில் சுருக்கென்றது. கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அவள் கீழே இறங்கிப் போகவில்லை. மதியழகனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஷர்மிளா குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், "எரியுதா?"

"எரியுது" என்றாள் ஜெயஸ்ரீ.

ஹேமநாத் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஷர்மிளா இன்னும் கொஞ்சம் குனிந்து, எதிர் மூலையில் இருந்த கஷ்டமான பந்தைக் குறி பார்த்து அடித்தாள். அது பொந்தின் விளிம்பில் பட்டுத் தயங்கி, வெளியே திரும்பி வந்துவிட்டது.

ஜெயஸ்ரீக்கு அது பிடித்திருந்தது. முகத்தில் தெரியாமல் மறைக்க அவள் முயலவில்லை.